பிரேக் அக்காவின் வலது கால்

பயிற்சிக் காரில் ஏறிப் பழக்கமில்லாதவர்களுக்காக முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்தக் கதை ஓடாது. பார்வைக்கு அது மற்ற கார்களைப் போலத்தான் இருக்கும். ஆனால் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் பதறிப்போய் எதன்மீதாவது ஏற்றப் பார்த்தால், இந்தப் பக்கத்திலிருந்து ஒரு மிதி மிதித்தால் போதும், வண்டி நின்றுவிடும். நம் அக்கா வருடக்கணக்கில் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் பழக வந்தவர்கள் எல்லோரும் "பிரேக் அக்கா, பிரேக் அக்கா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் பயிற்சிப் பள்ளி முதலாளியே பலகையில் வகுப்பு நேரம் எழுதும்போது "பிரேக்" என்றுதான் எழுதினார்.

அந்தக் கால் அப்படிப் பேர்போன கால். எதிரே பேருந்து வளைவதைக் கண் பார்ப்பதற்கு முன்பே கால் மிதித்து முடித்திருக்கும். நாய் குறுக்கே வந்தாலும் சரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பந்தைத் துரத்திக்கொண்டு வந்தாலும் சரி, பழகுகிறவர் "ஐயோ" என்று வாயைத் திறக்கும்போது வண்டி சாதுவாக நின்றிருக்கும். அக்காவின் கையில் ஒரு வண்டியும் எதன்மீதும் இடித்து நசுங்கிச் சொட்டை வாங்கியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்காதா பின்னே?

அந்த இருக்கையில் உட்கார்ந்துதான் அவளுக்கு இந்தப் படிப்பு ஆசை பிடித்தது. காரில் இரண்டு பேர் தோளோடு தோளாக இருப்பார்கள், ஆனால் முகம் பார்க்க மாட்டார்கள். இருவருக்கும் கண் சாலையில். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றால் மனிதர்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும் போலிருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்த மறுநாளே மாமியார் கதை வந்துவிடும். ரிவர்ஸ் எடுக்கப் பழகும் வாரத்தில், கல்யாணத்துக்கு முன்னால் மனசில் இருந்தவன் வந்துவிடுவான். ஒரு வங்கி ஊழியர் சிக்னலில் சிவப்பு விழுந்ததும், சொந்தத் தம்பியோடு பேசியே பல வருடம் ஆயிற்று என்று சொல்லிவிட்டு, பச்சை விழுந்ததும் ஒன்றும் நடக்காதது போல முதல் கியர் போட்டார். அக்காவுக்கு மெய் சிலிர்த்துப் போயிற்று. மனிதர்களுக்குள்ளே இவ்வளவு ஓடுகிறதா? இதைப் பற்றி ஒரு படிப்பு இருக்குமே, அதை நான் ஏன் படிக்கக்கூடாது?

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்களில் எல்லாம் ஏறி இறங்கியே அவருக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. அதிகம் பேச மாட்டார்; பேசினால் அதில் ஒரு குத்தல் இருக்கும்.

"ஏங்க, நான் யுனிவர்சிட்டில சேரப் போறேன். சைக்காலஜி, கவுன்சிலிங்," என்றாள் அக்கா.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. படிச்சு முடிச்சு நான் கவுன்சிலரா வேலை பார்க்கப் போறேன்."

"இப்பவே ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கிட்டுத்தானே இருக்கே. அதுக்கு எதுக்குப் படிப்பு?"

"அதைச் சரியா செய்யத்தான்."

அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "சேரு, தாராளமா சேரு. ஆனா என்னைச் சோதனை எலி ஆக்கிடாதே."

ஆக்காமல் விடுவாளா?

முதல் பருவத்தில் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் கார். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் கிடைக்கும் சந்தில், வண்டியை மர நிழலில் போட்டுவிட்டு ஸ்டியரிங்மேல் புத்தகத்தை விரித்துக்கொள்வாள். மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்ற பாடத்தைப் படித்த அன்று மாலை வீட்டுக்குப் பறந்து வந்தாள். சாப்பாட்டு மேசையில் கணவரும் ஒன்பதாவது படிக்கும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏங்க, குக்கர் விசில் அடிச்சதும் எழுந்து போய்க் கை கழுவினீங்களே, ஏன்?"

"பசிச்சுது, போனேன்."

"உள்ளே ஒண்ணுமே இல்லை. வெறும் தண்ணி ஊத்தி விசில் விட்டேன்."

அவர் ஈரக் கையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "அப்ப இன்னிக்குச் சாப்பாடு?" என்று அவர் பரிதாபமாகக் கேட்ட பிறகுதான், அதைச் செய்யவே மறந்துவிட்டது அக்காவுக்கு உறைத்தது.

மனநோய்கள் பாடம் வந்தபோது இன்னும் கூத்து. முதலாளிக்கு இரண்டு நோய் கண்டுபிடித்தாள், எதிர்வீட்டுக்காரருக்கு ஒன்று, தனக்கு மட்டும் ஐந்து. புள்ளியியலில் கணக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். "பதில் சரியான்னு என் மூஞ்சியைப் பார்க்காதேம்மா, பேப்பரைப் பாரு," என்று அவள் போட்ட அதட்டலில் அக்கா பெட்டிப் பாம்பாக அடங்கினாள். எப்படியோ தேறினாள். வகுப்பில் பாதிப் பேர் அவளுக்குப் பிள்ளையாக இருக்க வேண்டிய வயது; அவர்களுக்கும் அவள் அக்காதான். எப்போதும் கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டிருக்கும் ஒரு பெண் மட்டும் அவளோடு ஒட்டிக்கொண்டாள். அவளை எல்லோரும் ஹெட்போன் என்றே கூப்பிட்டார்கள். பேருந்து நிறுத்தத்திலும் இருவரும் ஒரே புத்தகத்தைப் பாதி பாதியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

புத்தகப் பாடம் முடிந்து, ஆலோசனைப் பயிற்சி ஆரம்பித்தபோதுதான் சங்கதி சிக்கலாயிற்று.

பயிற்சி அறை சின்னது. எதிரெதிராக இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு குட்டி மேசை, அதன்மேல் டிஷ்யூ பெட்டி. பேச வருகிறவரின் தலைக்குப் பின்னால் சுவரில் கடிகாரம்; ஆலோசகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் வந்தவர் மனசு சுருங்கிவிடும், அதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. ஒரு பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்குத் தங்கள் முகம் மட்டும் தெரியும். அந்தப் பக்க அறையில் இருப்பவர்களுக்கோ எல்லாமே தெரியும். இருவரும் பேசுவது, அசைவது எல்லாமே வீடியோவில் பதிவாகும். பேராசிரியை அக்காவைவிட வயதில் சின்னவர், குரலும் சின்னது, ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. அவர் வைத்த விதி ஒன்றுதான்: நடிக்கக்கூடாது, பேசுகிறவர் சொந்த விஷயத்தைத்தான் பேச வேண்டும்.

முதல் முறை ஹெட்போன் பேச வந்தாள், அக்கா ஆலோசகர். பரீட்சை அறையில் உட்கார்ந்தால் கை நடுங்குகிறது என்று ஆரம்பித்தாள் அந்தப் பெண். அக்கா அருமையாகக் கேட்டாள், தலையாட்டினாள், இரண்டு நல்ல கேள்வியும் கேட்டாள். பெண்ணின் குரல் தழைந்தது.

"அன்னிக்கு ஹாலுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு போன் வந்துச்சு அக்கா. எடுத்தா எங்க அண்ணன். அவன் அழுதுக்கிட்டே..."

"சரி சரி, அதை விடும்மா," என்றாள் அக்கா. "தண்ணி குடிக்கிறியா? உனக்கு என்ன குறைச்சல், நீ எவ்வளவு தைரியமான பொண்ணு."

பெண் தண்ணீர் குடித்தாள். அப்புறம் பேருந்து நெரிசலைப் பற்றிப் பேசினாள். நேரம் முடிந்தது. உச்சி குளிர்ந்துபோய் வெளியே வந்த அக்கா, இந்த வேலை தனக்காகவே பிறந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

பிற்பகல் எல்லோரும் உட்கார்ந்து வீடியோ பார்த்தார்கள். அண்ணன் போன் செய்த இடம் வந்ததும் வகுப்பில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. என்னவென்று அக்காவுக்குப் புரியவில்லை. பேராசிரியை படத்தை நிறுத்திப் பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினார்.

"இங்க என்ன நடந்துச்சு?"

"பொண்ணு அழப் போச்சு மேடம். நான் ஆறுதல் சொன்னேன்."

"அழப் போனாங்க. அழுதாங்களா?"

"இல்லை மேடம், அதுக்குள்ள நிறுத்திட்டேன்," என்றாள் அக்கா பெருமையாக. சொல்லி முடித்ததும்தான் தன் வார்த்தை தன் காதில் விழுந்தது.

"உங்க வலது காலைப் பாருங்க."

பார்த்தாள். "அவன் அழுதுக்கிட்டே" என்ற இடத்தில், திரையில் இருந்த அக்காவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்திருந்தது. பாதம் முழுக்கப் பதிந்து, முழங்கால் விறைத்து, உடம்பே பின்னால் சாய்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் வாய் திறந்து "சரி சரி" வந்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கும்போதே, ஹெட்போன் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தாள்.

"அண்ணன் என்ன சொன்னாரு?" என்று பேராசிரியை அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார்.

"இப்பச் சொல்லத் தோணலை மேடம்," என்றாள் அவள்.

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று.

இதோடு போயிற்றா என்றால் அதுதான் இல்லை. அடுத்த வாரமும் மிதித்தாள், அதற்கடுத்த வாரமும் மிதித்தாள். யார் எதிரே உட்கார்ந்தாலும், பேச்சு வலிக்கிற இடத்தை நெருங்கியதும் கால் போய்விடும். காலுக்குப் பின்னாலேயே ஒரு "சரி சரி", ஒரு "எல்லாம் சரியாயிடும்", ஒரு தண்ணீர் டம்ளர். செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள், வெறுங்காலும் மிதித்தது. காலை மடித்து அதன்மேலேயே உட்கார்ந்து பார்த்தாள். மரத்துப்போய், எழுந்திருக்கும்போது ஹெட்போன் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

பருவ முடிவில் வரப்போவதை நினைத்தால் அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. பல்கலைக்கழகத்திலேயே ஓர் ஆலோசனை மையம் உண்டு. வெளியிலிருந்து நிஜமான மனிதர்கள் நிஜமான துன்பத்தோடு வருவார்கள். மாணவர்கள்தான் பேசப்போகிறார்கள், ஆசிரியர்கள் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பார்கள் என்று முன்பே சொல்லி, அவர்கள் சம்மதத்தோடுதான் உட்கார வைப்பார்கள். அந்த முதல் சந்திப்பு எப்படிப் போகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு. தேறினால் அந்த மனிதரோடு தொடர்ந்து பேசலாம், கடைசி வருடம் மருத்துவமனையில் பயிற்சி, அதற்குப் பின் வேலை. தேறாவிட்டால் உளவியல் பட்டம் மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்; ஆலோசகர் நாற்காலியில் உட்கார முடியாது. அக்காவுக்கு வேண்டியது அந்த நாற்காலி. பட்டத்தைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கவா இந்த வயதில் புள்ளியியலோடு மல்லுக்கு நின்றாள்?

வீட்டுக்காரரைப் பிடித்து எதிரே உட்கார வைத்தாள். "உங்களுக்கு ஏதாவது பிரச்சினை இருந்தாச் சொல்லுங்க. நான் நடுவுல பேச மாட்டேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டாக்டர், நான் ஒரு வார்த்தை ஆரம்பிச்சா என் பொண்டாட்டி அதை முடிக்க விட மாட்டேங்கிறா."

"அதெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க, அவங்க நல்ல மனசுலதான்..."

"பார்த்தீங்களா டாக்டர்."

உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அக்கா கோபமாக எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

மறுநாள் நேராகப் பேராசிரியையின் அறைக்குப் போனாள். "மேடம், இந்தக் காலை என்ன பண்றதுன்னே தெரியலை. கட்டி வச்சிடலாமான்னு இருக்கு."

பேராசிரியை சிரிக்கவில்லை. "கார்ல மிதிக்கலைன்னா என்ன ஆகும்?"

"இடிச்சிடும்."

"இங்க மிதிக்கலைன்னா?"

"அழுதிடுவாங்க."

"அழுதா?"

அக்கா பதில் தேடினாள். அழுதால் என்ன ஆகும்? அழுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதற்குத்தானே டிஷ்யூ பெட்டி இருக்கிறது. அவருக்கு ஒன்றும் ஆகாது. "என்னால தாங்க முடியாது மேடம்," என்றாள். "யாராவது எதிரே உட்கார்ந்து அழுதா எனக்கு உசிரு போற மாதிரி இருக்கு. எப்படியாவது அதை நிறுத்திடணும்னு தோணுது."

"அப்ப அந்த பிரேக் உங்களுக்காகத்தான் போடுறீங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வந்து படியிறங்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, ஒரு குதூகலம் வந்தது. இத்தனை நாளும் காலில் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன, ஒரு கை பார்த்துவிடலாம். அன்றே ஒரு முடிவு செய்தாள்: கால் மிதித்தால் மிதித்துவிட்டுப் போகட்டும், அதை யார் கேட்டது? வாய் திறக்கக்கூடாது. தாங்க முடியாவிட்டாலும் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹெட்போனை மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்தாள். பெண் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். போன் வந்த இடம் வந்தது. அக்காவின் கால் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தாள். பெண் ஒரு நிமிடம் சும்மா இருந்தாள். ஒரு நிமிடமா அது, அக்காவுக்கு ஒரு யுகம். அப்புறம் பெண் தானாகவே அண்ணன் சொன்னதைச் சொன்னாள், சொல்லி அழுதாள், அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டாள். பிறகு அவளே, "அதுக்கப்புறம் எந்த ஹாலுக்குள்ள நுழைஞ்சாலும் எனக்கு அந்த போன்தான் அக்கா ஞாபகம் வருது," என்றாள். வெளியே வந்ததும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் ஓர் அசட்டுத்தனமும் நடந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று பிற்பகல் ஒரு பல் டாக்டர் காரில் பழகிக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் திரும்பும்போது ஒரு கடை வாசலில் காலி அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வண்டி நேராக அவற்றை நோக்கிப் போயிற்று. அக்காவின் கால் தயாராகத்தான் இருந்தது. ஆனால் மனசு காலையில் நடந்ததையே அசைபோட்டுக்கொண்டிருந்தது. "அவசரப்படாதே, அவரே சமாளிப்பார்" என்று உள்ளே ஒரு குரல். அந்தக் குரலைக் கேட்டு முடிப்பதற்குள் பெட்டிகள் எல்லாம் சரிந்து வண்டிமேல் விழ, அதன் முன்பக்கம் ஒரு கம்பத்தில் உரசி நின்றது. அக்கா வாங்கிய முதல் சொட்டை. பல் டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன அக்கா, நீங்க மிதிப்பீங்கன்னு பார்த்தேன்," என்றார்.

"நீங்க மிதிப்பீங்கன்னு நான் பார்த்தேன் டாக்டர்," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, கடைக்காரர்கூடச் சண்டை போட மறந்துவிட்டார். முதலாளி மறக்கவில்லை. கார் வேறு, நாற்காலி வேறு என்று அன்றைக்கு அக்கா நன்றாகவே படித்துக்கொண்டாள்.

பருவ முடிவு வந்தது. அன்று காலை அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தார். பேருந்து வந்ததும், "போய் வாயை மூடிக்கிட்டு வா," என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய வாழ்த்து அதுதான். அக்கா பேருந்தில் ஏறிய பிறகும் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குள் வந்தவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரியாது. அக்கா யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. இந்தத் தொழிலில் அது முதல் பாடம். என்ன வயது, என்ன வேலை, எதற்காக வந்தார் என்று எத்தனையோ விதமாகத் தூண்டில் போட்டுப் பார்த்துவிட்டேன், மசியவில்லை. அதனால் வந்தவர் என்றே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கதவு சாத்தியாயிற்று. அந்தப் பக்கம் பேராசிரியையும் இன்னொரு தேர்வாளரும் உட்கார்ந்தார்கள். வந்தவர் பேசினார், அக்கா கேட்டாள்.

தன்னைப் பற்றி மட்டும் அக்கா சொன்னாள். கால் மிதித்ததாம். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஓர் இடத்தில் எலும்பு வலிக்கிற அளவுக்கு மிதித்ததாம். வாய்க்குள் "சரி சரி" வந்து பல்லில் முட்டி நின்றதாம். வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் டம்ளரை நகர்த்தலாமா என்று கை துறுதுறுத்ததாம். நகர்த்தவில்லை. தன் கண்ணிலும் நீர் வந்ததாம், அதையும் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாளாம். தாங்க முடியாது என்று இத்தனை காலம் பயந்ததைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போது தோன்றியபோது, நெஞ்சுக்குள் ஏதோ குபீரென்று பொங்கிற்றாம். இதைச் சொல்லும்போதுகூட அக்காவின் குரல் ஒரு சுருதி ஏறிவிட்டது.

நேரம் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்லலாம். அப்போது கதவு திறந்திருந்தது, வராந்தாவில் காத்திருந்த ஹெட்போன் காதால் கேட்டாள்.

வந்தவர் வாசலில் நின்று திரும்பினார். "அடுத்த வாரமும் நீங்கதானே இருப்பீங்க?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுதானே அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இப்போது முடிவாகிக்கொண்டிருக்கிறது. கேட்டவரின் முகத்தில் இருந்த தவிப்பைப் பார்த்தால் கல்லும் கரையும். "கண்டிப்பா நான்தான், நீங்க கவலையே படாதீங்க" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்வதில் அவளுக்கு என்ன கஷ்டம்? வருடக்கணக்கில் எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொன்ன வார்த்தை. கேட்டவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அடுத்த வாரம் வந்து வேறு முகத்தைப் பார்ப்பார்.

அக்கா அந்த வார்த்தையை விழுங்கினாள்.

"எனக்குத் தெரியலைங்க," என்றாள். "நான் இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னிக்கு நான் எப்படி நடந்துக்கிட்டேன்னு உள்ளே பேசிக்கிட்டு இருக்காங்க. அவங்க சரின்னு சொன்னா நான். இல்லைன்னா என்னைவிட நல்லாத் தெரிஞ்ச வேற ஒருத்தர் இருப்பாங்க. கொஞ்ச நேரத்துல தெரிஞ்சிடும்."

வந்தவரின் முகம் வாடியது. "நான் வெளியே உட்கார்ந்திருக்கேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய், வரவேற்பில் சுவரோரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெட்போன் தலையில் கைவைத்துக்கொண்டாள். காரியத்தைத் தானே கெடுத்துக்கொண்டோம் என்றுதான் அக்காவும் நினைத்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அறைக்குள் போய் உட்கார்ந்தாள். தேர்வாளர் வயதானவர், கறாரான ஆள். ஆரம்பத்தில் அவசரப்பட்டுக் கேட்ட ஒரு கேள்வியைச் சொன்னார். தலையை இவ்வளவு ஆட்ட வேண்டாம் என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"காலால மிதிச்சீங்களா?" என்று பேராசிரியை கேட்டார்.

"மிதிச்சேன் மேடம். வாயைத் திறக்கலை."

"பார்த்தேன்."

"வாசல்ல அவர் கேட்டாரே," என்றார் தேர்வாளர், "ஆமாம்னு சொல்லி அனுப்பியிருக்கலாமே. ஏன் சொல்லலை?"

"ரொம்ப ஆசையா இருந்துச்சு சார்," என்றாள் அக்கா. "ஆனா எனக்கு நிஜமாவே தெரியாதே."

தேர்வாளர் பேராசிரியையைப் பார்த்தார். பேராசிரியை பேனாவை மூடினார். "போய்ச் சொல்லுங்க," என்றார். "பாவம், வெளியே காத்துக்கிட்டிருக்காரு."

"என்னன்னு சொல்றது மேடம்?"

"நீங்கதான்னு."

நன்றி சொன்னாளா, நாற்காலியை இடித்துக்கொண்டு ஓடினாளா, ஒன்றும் அக்காவுக்கு நினைவில்லை. தலைகால் புரியவில்லை. வராந்தாவில் ஹெட்போன் கையைப் பிடித்தாள், உதறிவிட்டு ஓடினாள். வரவேற்புக்கு வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக நடந்து போய் எதிரே நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை, இதே நேரம்," என்றாள். "நான்தான்."

வந்தவரின் முகம் தெளிந்தது. எழுந்து நின்றார்.

"அப்பச் சரி," என்றார். "நான் சொல்ல வந்ததை இன்னிக்குச் சொல்லவே இல்லை. அன்னிக்குச் சொல்றேன்."

அவ்வளவு நேரம் எலும்பு வலிக்க வலிக்கக் கேட்டதெல்லாம் முன்னுரைதானா? அக்காவுக்கு உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு ஓடியது. அது என்ன என்று கேட்க வாய் துடித்தது. ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது.

"வாங்க," என்றாள். "நான் இருப்பேன்."